மாடிக்கு ஒரு பிளான்



துலாவர்ஷ மழை ஓய்ந்ததும் நமக்கு வரும் கடிதங்களில் மாடி ஒழுகலைப் பற்றியவை சட்டென்று கூடிவிடும். இந்த முறை திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலிருந்து ஒரு வாசகி விரிவாக எழுதியிருக்கிறார். அவர்கள் வீடு கட்டி இருபது வருடத்துக்கு மேலாகிறது. படுக்கையறைக் கூரையின் மூலையில் முதலில் பழுப்பாக ஒரு வட்டம் தெரிந்ததாம். அடுத்த மழைக்குப் பூச்சு பொரிந்து உதிர்ந்தது. இப்போது மின்விசிறிக் கொக்கியின் பக்கத்தில் சொட்டுகிறது. மூன்று பேரை அழைத்து விலை கேட்டிருக்கிறார். ஒருவர் ரசாயனப் பூச்சு போதும் என்றார், இன்னொருவர் தார் ஷீட் ஒட்டச் சொன்னார், மூன்றாமவர் மேலே ட்ரஸ் போட்டுத் தகரக் கூரை போட்டுவிடலாம் என்றார். வாசகிக்கு ஷீட்தான் சரியென்று படுகிறது. எந்தக் கம்பெனி ஷீட் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார்.

மூன்று மதிப்பீட்டுத் தாள்களையும் கடிதத்தோடு இணைத்திருந்தார். சதுர அடிக்கு இவ்வளவு ரூபாய், உத்தரவாதம் இத்தனை வருடம், முன்பணம் பாதி என்பதோடு மூன்றும் முடிந்துவிடுகின்றன. எந்தத் தாளிலும் ஒரு கோடுகூட வரையப்படவில்லை. கம்பெனிப் பெயரைவிட அந்தக் கோடுகள் முக்கியம் என்று நான் நம்புவதால் இந்த மாதப் பக்கத்தை அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

ஸ்ரீவராகம் கோட்டைக்குத் தெற்குப் பக்கம், வராகமூர்த்தி கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் சுற்றி வீடுகள் நெருங்கி நிற்கும் இடம். கடல் மேற்கே சில கிலோமீட்டர்தான். எடவப்பாதி, துலாவர்ஷம் என்று வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். திருவனந்தபுரத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறக்குறைய 1,800 மி.மீ. ஆயிரம் சதுர அடி மாடியில் அது ஒரு வருடத்தில் சுமார் 1,67,000 லிட்டர் தண்ணீராகிறது. 12,000 லிட்டர் டேங்கர் லாரி பதினான்கு வந்து உங்கள் தலைக்கு மேல் கொட்டிவிட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதோடு உப்புக் காற்றும் சேர்கிறது. கசிந்த நீர் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். வாசகியின் படுக்கையறை மூலையில் உதிர்ந்தது வெறும் பூச்சா, கம்பியை மூடியிருந்த கான்கிரீட்டா என்பதை முதலில் ஒரு பொறியாளர் தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். கம்பி துருப்பிடித்திருந்தால் அதைச் சரி செய்த பிறகுதான் மாடிக்கு மேல் எந்த வேலையும்.

இந்த ஊர்ப் பழைய வீடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஓட்டுக் கூரை சரிவாக இருந்தது. தண்ணீர் நிற்க நேரமே கிடைக்கவில்லை. அந்தச் சரிவும் குத்துமதிப்பாக வந்ததில்லை. ஆசாரிமார் ஒவ்வொரு கழுக்கோலின் (கைமரத்தின்) நீளத்தையும் கணக்குப் போட்டு எடுத்த பிறகே மரத்தில் வாளை வைத்தார்கள். தமிழ்நாட்டில் மெட்ராஸ் டெரஸ் காலத்திலிருந்து தட்டை மாடிதான். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்தார்கள். அந்தத் தளம் வருடங்கள் தாங்கியதற்கு அதன் கனமும் ஆட்களின் பொறுமையும் காரணம். இன்றைய கான்கிரீட் தளத்தில் அந்தக் கனம் இல்லை, அந்தப் பொறுமைக்கு ஆளும் இல்லை. அதனால்தான் ஷீட் வந்தது.

கடைகளில் தார் ஷீட் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் பாலிமர் கலந்த தாரை பாலியெஸ்டர் துணியின் இரு பக்கமும் ஏற்றிச் செய்த சுருள். 3 அல்லது 4 மி.மீ. கனம், ஒரு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம். அடிப்பக்கத்தை கேஸ் சுடரால் உருக்கித் தளத்தோடு ஒட்டுவார்கள். சுடர் வேண்டாத, தானாக ஒட்டிக்கொள்ளும் ஷீட்டும் உண்டு. பெரிய கட்டடங்களில் பிவிசி, டிபிஓ ஷீட்டுகளை விரித்து, இணைப்புகளைச் சூடான காற்றால் உருக்கிச் சேர்க்கிறார்கள். எதுவானாலும் நல்ல தயாரிப்பாளரின் ஷீட், தொழிற்சாலையில் ஒரே சீரான கனத்தில் வருகிறது. வெறும் ஷீட்டின் நடுவில் ஓட்டை போட்டுக்கொண்டு தண்ணீர் இறங்குவது அபூர்வம். அது இறங்கும் இடங்கள் வேறு: தளம் கைப்பிடிச் சுவரைச் சந்திக்கும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தளத்தைத் துளைத்து ஏறும் பைப், மாடிப்படி அறையின் வாசற்படி, ஒரு ஷீட்டின் மேல் இன்னொன்று ஏறும் விளிம்பு. மதிப்பீட்டுத் தாள்கள் பேசுவது நடுவைப் பற்றி. சதுர அடிக் கணக்கில் நடுதான் பெரிது, பணமும் அங்கேதான். மாடி தோற்பதோ விளிம்பில். விளிம்பைப் பற்றிப் பேச சதுர அடி உதவாது, படம்தான் வேண்டும்.

வீடு கட்டும்போது நகராட்சிக்குக் கொடுத்த பிளான் கையில் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். அதில் அறைகளின் அளவு இருக்கும், முகப்பு இருக்கும், எல்லையிலிருந்து விட்ட தூரம் இருக்கும். மாடியில் தண்ணீர் எந்தத் திசையில் ஓடும் என்று ஓர் அம்புக்குறிகூட இருக்காது. அனுமதி கொடுப்பவருக்கு அது தேவையில்லை. ஒழுகலைத் தடுக்க வேண்டியது தனிப் படம். மாடியை மேலிருந்து பார்த்த ஒரு படமும், விளிம்புகளைப் பிளந்து காட்டும் நாலைந்து பெரிய படங்களும் போதும்.

அந்த வாசகியிடம், உங்கள் மாடியை நீங்களே அளந்து ஒரு நோட்டுத் தாளில் வரைந்து அனுப்ப முடியுமா என்று கேட்டோம். ஒரு வாரத்தில் பென்சில் படம் வந்துவிட்டது. பத்து மீட்டருக்கு ஒன்பது மீட்டர் மாடி. ஒரு பக்கம் மட்டும் இரண்டு மழைநீர்க் குழாய்கள். கறுப்புத் தண்ணீர்த் தொட்டி நேராகத் தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மாடிப்படிக் கதவின் அடிக்கட்டை தளத்திலிருந்து நான்கு விரல் உயரம்கூட இல்லை. அடுத்த மாதம் சூரியத்தகடு வைக்கப் போவதாக ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தார். மூன்று ஒப்பந்ததாரர்களும் நேரில் வந்து பார்த்துச் சொல்லாத செய்திகள் ஒரு நோட்டுத் தாளில் வந்துவிட்டன.

வாட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஷீட்டின் மேல் தண்ணீர் தேங்கக் கூடாது என்றால் தளத்துக்கு நூற்றுக்கு ஒன்றாவது சரிவு வேண்டும். குழாய்கள் ஒரே பக்கம் இருந்தால் எதிர்ச்சுவரிலிருந்து ஒன்பது மீட்டர் தூரம் தண்ணீர் ஓட வேண்டும். அதற்கு 90 மி.மீ. உயர வித்தியாசம். குழாய் வாயில் 25 மி.மீ. காரை என்று தொடங்கினால் எதிர்ப்பக்கம் 115 மி.மீ. ஆகிவிடும். சராசரி 70 மி.மீ. கனத்தில் தொண்ணூறு சதுர மீட்டருக்கும் காரை போட்டால் அதன் எடை ஏறக்குறைய 14 டன். இருபது வயதான தளத்தின் தலையில் ஏற்றும் எடை இது. எதிர்ப்பக்கமும் குழாய் இறக்கி, நடுவில் மேடு விட்டு இரண்டு பக்கமும் சரித்தால் தண்ணீர் ஓட வேண்டியது நாலரை மீட்டர்தான். காரையின் எடை ஒன்பதரை டன்னுக்கு அருகில் வந்து நிற்கும். கூடுதலாக இரண்டு குழாய்க்கு ஆகும் செலவு நாலரை டன் பாரத்தைக் குறைக்கிறது. ஒரு குழாயை இலை அடைத்தாலும் மாடி குளமாகாது. பென்சிலால் நாலு அம்புக்குறி போட்டதும் தெரிந்த விஷயம் இது. கொத்தனார் வாட்டம் போட்டு முடித்த பிறகு தெரிந்திருந்தால் இடித்துத்தான் திருத்தியிருக்க வேண்டும்.

கதவைப் பாருங்கள். ஷீட்டைச் சுவரின் மேல் ஏற்றி முடிக்க வேண்டும், அதுவும் முடிந்த தளத்துக்கு மேல் குறைந்தது 150 மி.மீ. உயரத்துக்கு. வாட்டக் காரையும், ஷீட்டும், அதைக் காக்கும் ஓடும் சேர்ந்தால் வாசகி வீட்டுக் கதவடிக்கு இடமே மிஞ்சாது. தளம் உயர்ந்து கதவுக்கு மேலேகூடப் போய்விடலாம். அப்போது பலத்த மழையில் தண்ணீர் ஷீட்டைத் தொடாமலே படியில் இறங்கும். கதவடியை உயர்த்திக் கட்ட வேண்டும், அதற்குக் கதவை அறுக்க வேண்டும். இதை வேலைக்கு முன்பே சொல்லும் படம் ஒன்றுதான்: வாசற்படியைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம்.

கைப்பிடிச் சுவரின் அடியில் ஷீட்டை நேராக மடக்கினால் மடிப்பின் பின்னால் காற்று தங்கும், கால் பட்டால் கிழியும். அதனால் அந்த மூலையில் முதலில் 50 மி.மீ. அளவில் முக்கோணமாகக் காரை வைப்பார்கள். அதன் மேல் தனியாக ஒரு பட்டை ஷீட் ஒட்டி, பிறகே முழு ஷீட்டைக் கொண்டு வர வேண்டும். மேல் முனையைச் சுவரில் வெட்டிய காடிக்குள் செருகி, அலுமினியப் பட்டையால் இறுக்கி, பசை அடைக்க வேண்டும். காடி வெட்டாமல் சுவர்ப் பூச்சின் மேல் ஒட்டிவிட்டுப் போனால் இரண்டு வெயில் காலத்தில் முனை வாய் பிளக்கும், சுவரில் வழியும் மழை அதற்குள் இறங்கும். சொல்லிப் புரியவைக்க இத்தனை வரி ஆன இதை ஒரு கையகலப் படம் கொத்தனாருக்கு ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். அவர் தமிழ் பேசினாலும், மலையாளம் பேசினாலும், இன்று பல இடங்களில் காண்பது போல வங்காளமோ ஒடியாவோ பேசினாலும் கோடு எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஷீட்டின் இணைப்புகளுக்கும் படம் வேண்டும். தையற்காரர் துணியின் மேல் சாக்பீஸ் கோடு போடுவது போல, எந்தச் சுருள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தளத்தின் மேல் கோடு போட வேண்டும். பக்கவாட்டில் 100 மி.மீ., முனையில் 150 மி.மீ. ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும். தாழ்ந்த பக்கத்தில் தொடங்கி மேட்டை நோக்கிப் போனால் மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் கவிழும். ஓடும் நீர் இணைப்பைத் தாண்டிப் போகும், உள்ளே நுழையாது. முனை இணைப்புகள் எல்லாம் ஒரே கோட்டில் வரக் கூடாது. இந்தக் கோடுகளைப் போட்டால் சுருள் கணக்கும் சரியாகும். தொண்ணூறு சதுர மீட்டர் மாடிக்குப் பத்துச் சதுர மீட்டர் சுருள் ஒன்பது போதும் என்று தோன்றும். ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைக் கழித்தால் ஒரு சுருள் மூடுவது ஒன்பது சதுர மீட்டருக்கும் குறைவு. நாலு சுவரிலும் ஏற்றும் பட்டை தனி. கூட்டிப் பார்த்தால் பதின்மூன்று சுருள் ஆகிறது. ஒன்பது சுருளோடு வேலைக்கு வந்தவர் எங்கே மிச்சம் பிடிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. இணைப்பில் பிடிப்பார், சுவரில் பிடிப்பார். ஒழுகப் போகும் இடங்கள் அவைதான்.

சூரியத்தகட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மத்திய அரசின் சூர்ய கர் திட்டம் 2024-ல் வந்த பிறகு கேரளத்தில் மாடிக்கு மாடி தகடு ஏறி வருகிறது, நல்ல விஷயம். ஆனால் தகட்டின் கால்களைத் தளத்தில் போல்ட் அடித்து நிறுத்துகிறார்கள். ஒவ்வொரு போல்ட்டும் ஷீட்டில் ஒரு துளை. தகட்டுக்காரரும் ஷீட்காரரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை, உத்தரவாதச் சண்டை வந்தால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். கால்கள் வரும் இடங்களைப் படத்தில் முன்பே குறித்து, தளத்தோடு சேர்த்துச் சிறிய கான்கிரீட் பீடங்கள் கட்டி, ஷீட்டை அவற்றின் மேல் ஏற்றி முடித்துவிட்டால் பிறகு போல்ட் பீடத்தின் உச்சியில் இறங்கும். தண்ணீர்த் தொட்டிக்கும் அப்படியே பீடம். ட்ரஸ் கூரை போடுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். தகரக் கூரையை நான் குறை சொல்ல மாட்டேன், இந்த மழை ஊரில் அது பல குடும்பங்களுக்கு நிம்மதி கொடுத்திருக்கிறது. தூண்களைத் துளையிட்டு நிறுத்திவிட்டு, சாரல் அடிக்கும் ஓரத்தை அப்படியே விட்டால் மட்டும் பழைய ஒழுகல் திரும்ப வரும்.

படம் என்றால் வண்ணம் தீட்டிய முகப்புப் படத்தை நான் சொல்லவில்லை. பாரிசுக்கு அருகே புவாசியில் 1931-ல் கட்டி முடித்த வில்லா சவோய் உலகமெங்கும் கட்டடக்கலை மாணவர்கள் படிக்கும் வீடு. சண்டீகரைத் திட்டமிட்ட லெ கொர்புசியே வரைந்தது. அந்தத் தட்டைக் கூரை ஒழுகி, வீட்டுக்காரர் மேடம் சவோய் அவருக்குக் கடிதம்மேல் கடிதம் எழுத வேண்டியிருந்தது. மேதையின் கையெழுத்து மழையைத் தடுக்காது. நம் பக்கத்திலேயே வேறு மாதிரி உதாரணம் இருக்கிறது. ஆனைமலையில், 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையத்துக்குத் தண்ணீர் தேக்கும் கடம்பாறைக் கல் அணையில் கசிவு மிகுந்தபோது, 2005-ல் அதன் நீர்ப்பக்க முகத்துக்கு பிவிசி ஷீட்டால் உறை போட்டார்கள். மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக விரித்து, இரும்புச் சட்டங்களால் இழுத்துக் கட்டி, விளிம்பு முழுவதையும் இறுக்கி அடைத்தார்கள். கசிவு அடங்கியது. அணையளவு நீரைத் தாங்குவதிலும் பாதி வேலை விளிம்பில்தான் இருக்கிறது.

திருவனந்தபுரத்துக்காரர்களுக்குச் சிறு படத்தின் அருமையைச் சொல்லக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரை விட வேறு ஆள் வேண்டாம். உள்ளூரில் அவர் கட்டிய வளர்ச்சி ஆய்வு மைய வளாகத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 2007-ல் மறைந்த அவர், சாதாரண வீட்டுக்காரர்களுக்காகத் தன் கையாலேயே எழுதி, தன் கையாலேயே படம் வரைந்து சிறு புத்தகங்கள் போட்டார். ஜன்னல் மேல் சாரல் எப்படி விழுகிறது, கூரை எவ்வளவு வெளியே நீள வேண்டும் என்பதையெல்லாம் எழுதப் படிக்கத் தெரியாதவரும் புரிந்துகொள்ளும் கோடுகளில் காட்டினார். அந்த அளவுப் படம் போதும். வரைகணினி வேண்டாம், நீலத்தாள் வேண்டாம். அளவு எழுதியிருக்க வேண்டும், விளிம்பு பெரிதாக வரைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கிருந்து எடுத்து வரைவது என்று கேட்பவர்களுக்கு: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 3067, 1988-ஆம் ஆண்டுப் பதிப்பு, கட்டடங்களின் ஓதத் தடுப்புக்கும் நீர்த்தடுப்புக்கும் ஆன வடிவமைப்பு விவரங்களைச் சொல்கிறது. ஐ.எஸ். 1346, 1991-ஆம் ஆண்டுப் பதிப்பு, தார் ஷீட் வகைகளைக் கூரையில் ஒட்டும் முறைக்கானது. அமைவனத்தின் இணையதளத்தில் இவற்றைக் கட்டணமின்றி எடுத்துப் படிக்கலாம். ஷீட் தயாரிப்பாளர்களும் தங்கள் ஷீட்டுக்கான விளிம்புப் படங்களைத் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். உள்ளூர்ப் பொறியாளர் ஒருவர் அரை நாளில் அவற்றை உங்கள் மாடிக்கு ஏற்றபடி மாற்றி வரைந்து கொடுத்துவிடுவார். அவருக்குக் கொடுக்கும் சம்பளம் இரண்டாம் முறை ஷீட் உரிக்கும் கூலிக்கு முன்னால் ஒன்றுமில்லை.

வேலை முடிந்ததும் ஓடு பதிக்க அவசரப்படாதீர்கள். குழாய் வாய்களை அடைத்து, மேட்டுப் பகுதியும் மூழ்கும்படி தண்ணீர் கட்டி இரண்டு நாள் வையுங்கள். இந்த வாசகியின் மாடிக்கு நாலாயிரம் லிட்டருக்கு மேல் ஆகும். எடையும் நாலு டன்னுக்கு மேல், ஆகவே தளம் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கீழே கூரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஈரம் தெரிந்தால் படத்தில் அந்த இடத்தைக் குறித்து, ஷீட் திறந்திருக்கும்போதே சரி செய்யச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்த பிறகு, உண்மையில் எப்படி ஒட்டினார்களோ அப்படியே படத்தைத் திருத்தி, சில புகைப்படங்களோடு வீட்டுப் பத்திரத்துடன் வையுங்கள். பத்து வருடம் கழித்து உங்கள் மகனோ மருமகளோ மாடியில் துளை போட ஆளை அழைக்கும்போது அதைத்தான் தேடுவார்கள்.

சுடரால் ஒட்டும் ஷீட்டுக்குத் தளம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டினால் வெயிலில் கொப்புளம் கிளம்பும். ஸ்ரீவராகத்தில் அதற்கேற்ற காலம் ஆற்றுக்கால் கோயில் பொங்காலைத் திருவிழாவை ஒட்டிய மழையில்லாத வாரங்கள். பொங்காலை முடிந்ததும் வேலையைத் தொடங்கினால் கோடை மழைக்கு முன்பே முடிக்கலாம். அதற்கு முன் இருக்கும் நாட்கள் அளக்கவும் வரையவும் போதும்.

உங்கள் மாடியையும் அளந்து, நோட்டுத் தாளில் வரைந்து எங்களுக்கு அனுப்புங்கள். குழாய், கதவு, தொட்டி, தகடு, சுவரின் உயரம் எல்லாம் இருக்கட்டும். கோடு கோணலாக இருந்தால் பரவாயில்லை. நம் பொறியாளர் நண்பர்கள் பார்த்து, திருத்த வேண்டியதைக் குறித்துத் திருப்பி அனுப்புவார்கள். அதுவரை ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: விளிம்புப் படம் இணைக்காத எந்த மதிப்பீட்டுக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்